தவமணியின் வெள்ளிக்கிழமைச் சோதனை

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புக்கிட் காத்தில் வட்டாரத்தில் ரொட்டி சானாய் கடையொன்றில் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. சேகரன் கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த திருமதி தவமணியின் கணவர். அந்த நேரத்தில் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை என்பதால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

“அண்ணே, தவா போயிட்டா. ஆறே முக்காலுக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“எங்க?” என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில்தான் என்பது எனக்குத் தெரியாதா? முந்தின நாள் சாயங்காலம்தான் அங்கே அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வாய் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

“அவ லாப்டாப் பைமேல உங்க பேர எழுதி ஒட்டி வச்சிருக்கா அண்ணே. சார்ஜர் உள்ளுக்கு இருக்குன்னும் எழுதியிருக்கா. எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?” என்றார் சேகரன்.

வேறு யாராவது கேட்டிருந்தால், மனைவி இறந்த ஒன்றேகால் மணி நேரத்தில் இந்த மனிதர் சார்ஜரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவமணியோடு இருபத்து மூன்று ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர், அவர் ஒப்படைத்துச் சென்ற வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் அழுவார். அப்படித்தான் அழுதார். நான் பொட்டலத்தை வாங்காமலே காருக்குத் திரும்பிவிட்டேன். கடைக்காரர் பின்னால் வந்து கண்ணாடியைத் தட்டி, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அது அன்று முழுவதும் பக்கத்து இருக்கையிலேயே கிடந்தது.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வருகிறவர்கள் படிக்க நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சேகரன் கேட்டார். தவமணியை அறிந்தவர்களில் பலருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது தெரியாது. கேட்டால் “கம்ப்யூட்டர் வேலைதான்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது புரியாவிட்டால் அவரையும் புரியாது.

மலாக்கா நகரில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. ஐந்தே பேர். மாநிலத்தில் உள்ள ஏழு டயாலிசிஸ் மையங்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து தருகிறோம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். படுக்கைக்குப் போகும் முன் எடை பார்ப்பார்கள். இறங்கிய பின் மறுபடியும் பார்ப்பார்கள். எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். எடை இயந்திரத்தோடு இணைந்த ஒரு சிறிய பெட்டி எண்களைப் பதிந்துகொள்ளும். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதே பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற நிரல் எங்களுடையது.

நிரலை எழுதினால் மட்டும் போதாது. பெட்டியில் ஓடக்கூடிய வடிவத்துக்கு அதைக் கட்டியாக வேண்டும். இதைத்தான் நாங்கள் பில்ட் என்கிறோம். கட்டும்போது அது பெட்டியின் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான துண்டுகளைத் தேடும். அவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். பெட்டி பழையதானால் லைப்ரரியும் பழையது. “எனக்கு இதைவிடப் புதியது வேண்டும்” என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு பில்ட் நின்றுபோகும். எங்கள் பெட்டிகளோ எல்லாம் பழையவை. எடை இயந்திரங்கள் அந்தப் பழைய இயங்குதளத்தோடு மட்டுமே பேசும் என்பதால் மாற்றவும் முடியாது. எங்கள் பிழைப்பில் பாதி அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டுவதுதான்.

தவமணி பத்து ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சுங்கை ஊடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஷிப்ட் வேலை பார்த்தவர். வேலை செய்துகொண்டே கணினி படித்து முடித்திருந்தார். அலுவலகத்தில் மூத்தவன் நான். எனக்கு அவரை எடுப்பதில் விருப்பமில்லை என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. நேர்முகத்தில் கொஞ்சம் நக்கலாகவே கேட்டேன்.

“எண்ணெய்க்கும் இதுக்கும் என்னாம்மா சம்பந்தம்?”

“அங்க சாம்பிள் ஃபெயில் ஆனா ஏன்னு கண்டுபிடிக்கணும் அண்ணே. இங்க பில்ட் ஃபெயில் ஆனா ஏன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு எடத்துலயும் கத்துனா ஒன்னும் ஆவாது.”

நான் கத்துகிறவன் என்பதை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார் போலும்.

வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குள் உரசல். பில்ட் நின்றால் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். நான் கடைசி வரியைப் படிப்பேன், திட்டுவேன், ஏதாவதொன்றை மாற்றுவேன், மறுபடி ஓட்டுவேன். இப்படி ஒரு காலை முழுக்கப் போயிருக்கும். தவமணி நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அண்ணே, மேல போங்க. இன்னும் மேல. மொதல்ல எங்க வலிச்சிச்சுன்னு பாருங்க. கீழ இருக்கறதெல்லாம் அந்த வலியில வந்த கூச்சல்தான்.” மேலே போனோம். நானூறு வரிகளுக்கு மேலே, சத்தமில்லாமல், ஒரு லைப்ரரியின் பதிப்பு பழையது என்று ஒரு வரி இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்று நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவரிடம் தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. என்ன பில்ட் எங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படிச் சரியானது என்று ஒவ்வொன்றையும் கையால் எழுதுவார். நான் அதற்குத் தவமணி புராணம் என்று பெயர் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆலையில் ஷிப்ட் மாறும்போது இப்படித்தான் எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

“நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பறம், அடுத்த ஷிப்ட் ஆளு எனக்குப் போன் போட்டு எழுப்புனா, நான் எழுதுனது சரியில்லன்னு அர்த்தம் அண்ணே. எங்க சூப்பர்வைசர் அப்படித்தான் திட்டுவாரு. போன் வராத அன்னைக்குத்தான் நல்லா தூங்குவேன்.”

இந்த வார்த்தைகளை அவர் சொன்னபோது நான் பாதி காதில்தான் கேட்டேன். இப்போது எழுதும்போது ஒவ்வொன்றும் நினைவுக்கு வருகிறது.

அவர் வந்த மூன்றாம் ஆண்டில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் உள்ளவர்களால் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. ஜாசின் மையத்தின் பெட்டியில் பில்ட் நின்றது. எல்லா நிரல்களுக்கும் அடியில் இருக்கும் மூல லைப்ரரி பழையது என்றது. எனக்குப் பொறுமை இல்லை. என் லாப்டாப்பிலிருந்து புதிய லைப்ரரியை எடுத்துப் பழையதன் மேலேயே போட்டு எழுதிவிட்டேன். அந்த நொடியோடு பெட்டி ஊமையாகிவிட்டது. கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் முடியாது என்றது. போட்டதைத் திரும்ப எடுக்கலாமென்றால் அதற்கான கட்டளையும் அதே லைப்ரரியைத்தான் நம்பியிருந்தது. நின்ற கிளையை நானே அறுத்துக்கொண்டு கீழே கிடந்தேன்.

காலை வேளை. பதினான்கு பேர் எடை பார்க்கக் காத்திருந்தார்கள். அவர்களில் ராமையா என்பவரும் ஒருவர். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். சீக்கிரம் படுத்து எழுந்தால்தான் மதியம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்ற முடியும். “என்னா அண்ணே, பெட்டி எப்ப எந்திரிக்கும்?” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்டார். எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி அமுதா சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம்.

தவமணிக்குப் போன் செய்தேன். முக்கால் மணி நேரத்தில் வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பென்டிரைவ். மையங்களில் இருப்பதைப் போலவே ஒரு பெட்டியை அவர் அலுவலக அலமாரியில் எப்போதும் வைத்திருப்பார். அதிலிருந்து சரியான பழைய லைப்ரரியை எடுத்து வந்திருந்தார். பெட்டியைப் பென்டிரைவிலிருந்து எழுப்பி, பழையதை அதன் இடத்தில் வைத்தார். பெட்டி பேசியது. ராமையா எடை பார்க்கப் போனார். தவமணி என்னிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

“நீங்களே எழுதுங்க அண்ணே. என்னா செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்க, எப்படித் திரும்ப வந்துச்சு. மூனு வரி போதும்.”

“ஏன் செஞ்சேன்னு என்னா எழுதறது?”

“அவசரம்னு எழுதுங்க.”

எழுதினேன். அந்தப் பக்கம் இன்றும் அந்த நோட்டில் இருக்கிறது. திரும்பும் வழியில் அவர் பசாரில் வாங்க வேண்டிய மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

சென்ற ஆண்டு இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. ரத்தப் பரிசோதனை செய்யும் ஆய்வுக்கூடம், பழைய முறைப் பாதுகாப்பு இணைப்பை மூன்று மாதத்தில் நிறுத்தப் போவதாக எழுதியது. எங்கள் பெட்டிகளில் இருந்த பாதுகாப்பு லைப்ரரிக்குப் புதிய முறை தெரியாது. இரண்டாவது செய்தி தவமணியின் உடம்பைப் பற்றியது. கணையத்தில் புற்று. முற்றிய நிலை.

அவர் விடுப்பு எடுப்பார் என்று நினைத்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தார். “மூனு மாசம்னு லேப் சொல்லுது. டாக்டர் அதவிடக் கூடத்தான் சொல்றாரு. மொதல்ல லேப் வேலையப் பாப்போம்,” என்றார். நான் மட்டும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டேன். “நீங்க பாத்துக்குவீங்க அண்ணே. நீங்க பாத்துக்கற மாதிரி செஞ்சு வைக்கத்தான் வந்திருக்கேன்,” என்றார்.

அவர் இதில் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடம் முன்னோட்டமாக இரண்டு நாள் பழைய இணைப்பை நிறுத்திப் பார்த்தது. அந்த இரண்டு நாளும் ஜாசினில் முடிவுகளைப் போனில் கேட்டுக் காகிதத்தில் எழுதினார்கள். எழுதும்போது இரண்டு பேரின் பொட்டாசியம் எண்கள் இடம் மாறிவிட்டன. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுபோகும். கூடியிருந்தது ராமையாவுக்கு. காகிதத்தில் அவருக்கு எழுதப்பட்டது வேறொருவரின் நல்ல எண். கால் துவளுகிறது என்று அவரே சொன்னதால் அமுதா மறுபடி போன் செய்து சரிபார்த்தார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தவமணியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இனிமே யாரும் போன்ல கேட்டு எழுதக் கூடாது,” என்று மட்டும் சொன்னார்.

பில்ட் பல வாரங்களுக்கு மறுத்தது. புதிய பாதுகாப்பு லைப்ரரியைப் பழைய பெட்டியில் கட்டப்போனால், அதைக் கட்டும் கருவி பழையது என்றது. கருவியைப் புதுப்பிக்கப்போனால், அதற்கு வேறொன்று பழையது என்றது. ஒன்றைத் தொட்டால் மூன்று விழுந்தன. நான் வழக்கம்போல் குறுக்கு வழி சொன்னேன். பழைய லைப்ரரிக்குப் புதியதன் பெயரைச் சூட்டிவிடலாம், பில்ட் ஏமாந்து போகும். உண்மையிலேயே ஏமாந்தும் போகும், நான் செய்து பார்த்திருக்கிறேன்.

“பில்ட் ஏமாந்துரும் அண்ணே. லேப் ஏமாறாது. அங்க போய்க் கதவத் தட்டுறப்ப நிக்கும். ராமையாண்ணன் ரிப்போர்ட்டும் அங்கயே நிக்கும்,” என்றார்.

கீமோ ஏற்றும் நாட்களில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே வேலை பார்த்தார். ஒரு கையில் ஊசி, மறு கையால் தட்டச்சு. சேகரன் பக்கத்தில் லாப்டாப் நழுவாமல் பிடித்துக்கொண்டிருப்பார். தவமணி கண்டுபிடித்த வழியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பெட்டியின் சொந்த லைப்ரரிகளில் கை வைக்கவே கூடாது. புதியதைத் தனி அடைப்புக்குள் கட்டி, எங்கள் நிரலுக்கு மட்டும் அதன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். எடை இயந்திரம் பழையதோடு பேசட்டும், ஆய்வுக்கூடம் புதியதோடு பேசட்டும். கேட்க எளிதாக இருக்கிறது. எந்த வரிசையில் எதைக் கட்டுவது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஏழு வாரங்கள் ஆயின. கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஜாசின் பெட்டியில் முதல் முடிவு வந்து விழுந்தது. அமுதா அதைப் படம் எடுத்து அனுப்பினார். தவமணி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “சரி, இன்னும் ஆறு மையம் இருக்கு,” என்றார்.

ஆறும் முடிந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைச் சோதனை தொடங்கியது.

ஒவ்வொரு மையத்தின் எடை இயந்திரமும் வேறு வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பெட்டி செத்தால் வெற்றுப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டியாக வேண்டும். அதை அவர் இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் சோதனை. அலமாரிப் பெட்டியைச் சுத்தமாக அழித்து மேசையில் வைப்பார். எங்களில் ஒருவர், நோட்டில் அவர் எழுதிய குறிப்பை மட்டும் பார்த்து, தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டும். அவர் எதிரில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன கேட்டாலும் பதில் வராது. கேள்வியை எண்ணி ஒரு கோடு போடுவார். கோடு போட்ட இடத்தில் குறிப்பை அந்த வாரம் திருத்தி எழுதுவார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும்.

“கேள்வி ஒன்னுமே இல்லன்னு வரணும் அண்ணே. அதுவரைக்கும் எனக்கு வேல முடியல,” என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை நான் பதினோரு கேள்வி கேட்டேன். பிறகு எட்டு, ஐந்து, மூன்று. அவர் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தார். புடவை உடுத்துவதை விட்டுச் சட்டைக்கு மாறினார். மாடிப்படி ஏற முடியாமல் டயர் கடைக்காரரின் நாற்காலியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆனால் பத்து மணிக்கு மேசைக்கு எதிரில் இருப்பார்.

கடைசி வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அன்று மதியம் வரைக்கும் நான் ஒன்றுமே கேட்கவில்லை. கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் இடத்தில் பெட்டி நின்றது. எதிர்ப்பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றது. குறிப்பில் அதைப் பற்றி எதுவும் இல்லை. “இது ஏன் செல்லாதுங்குது?” என்று கேட்டேன். ஒரு கோடு போட்டார். நான் அதையும் இதையும் மாற்றினேன். மறுபடி கேட்டேன். அதே கேள்வி என்பதால் இரண்டாவது கோடு போடவில்லை. அவருக்கு விடை தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு மணி நேரம் கழிந்தது.

“தெரிஞ்சா சொல்லுங்க தவா. எதுக்கு இப்படி வதைக்கிறீங்க? நாளைக்கு நீங்க இல்லாமயா போயிடுவீங்க?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் அப்படித்தான் எழுந்து போவான். திரும்பி வந்தபோது பெட்டி அணைக்கப்பட்டிருந்தது. சேகரன் வந்து அவரை அழைத்துப் போயிருந்தார். அடுத்த செவ்வாய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தினமும் போனேன். அந்தக் கேள்வியை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம், “பெட்டிய அலமாரியிலதான வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

புக்கிட் காத்திலில் அவர் வீட்டு வாசலில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஜாசினிலிருந்து ராமையா தம் பள்ளி பஸ்ஸிலேயே நோயாளிகளில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். தவமணியை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் மூன்று பேர்தான். மற்றவர்கள், நம் பெட்டியைச் செய்த அம்மா என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மின்சுடலையில் சேகரனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். லாப்டாப் பையை வாங்கிவந்து அலுவலகத்தில் என் மேசைக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் அதைத் திறக்கவில்லை. திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்ற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அமுதா கூப்பிட்டார். “அண்ணே, பெட்டி செத்துருச்சு. சாம்பிள் நேத்தே லேபுக்குப் போயிடுச்சு. ரிசல்ட் வர எடமில்ல. போன்ல கேட்டு எழுதிக்கவா?”

“வேணாம்,” என்றேன். “நான் வர்றேன்.”

அலமாரிப் பெட்டியையும் மேசைக்கு அடியில் இருந்த பையையும் எடுத்துக்கொண்டு ஜாசினுக்கு ஓட்டினேன். ராமையா முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி வழக்கமான சிகிச்சையைத் தொடங்கினார்கள். போன மாதமே எண் கூடியிருந்ததால் ராமையாவுக்கு மட்டும் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றிருந்தார் மருத்துவர். பையைத் திறந்தேன். மேலே சார்ஜர், சுருட்டி ரப்பர் வளையம் போட்டு. அதற்கடியில் நோட்டு.

கட்டும் குறிப்பின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அவருடைய குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அலுவலகத்தில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காக அப்படி எழுதினார். ஒவ்வொரு வரியாகச் செய்தேன். ஒன்றையும் தாண்டவில்லை. கருவி கட்டப்பட்டது. பழைய லைப்ரரிகள் தொடப்படாமல் இருந்தன. பதினொன்றரைக்குக் கோப்புகளை இறக்கும் இடத்துக்கு வந்தேன். சான்றிதழ் செல்லாது என்று பெட்டி நின்றது.

அதே இடம், அதே வரி. எனக்குக் காது சூடானது. கை தானாகவே கைப்பேசியை எடுத்து அவர் பெயரைத் தேடிவிட்டது. பெயர் திரையில் வந்த பிறகுதான் உறைத்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டின் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த இடத்தில் ஓரமாக, புதிதாக ஒரு குறிப்பு இருந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அந்த நோட்டிலேயே அது மட்டும்தான் தமிழில் இருந்தது.

“அண்ணே, இங்க கோவம் வரும். எந்திரிச்சுப் போயிடாதீங்க. கடிகாரத்தப் பாருங்க.”

பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தேன். அலமாரியில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை. பெட்டி செல்லாது என்று சொன்னது நியாயம்தான். இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. தேதியைத் திருத்தினேன். கோப்புகள் இறங்கின. மீதியைக் கட்டி முடிக்க இன்னொரு மணி நேரம் ஆனது. நான் எழுந்து எங்கும் போகவில்லை.

ஒரு மணிக்கு முன்பே முடிவுகள் வந்து விழத் தொடங்கின. ராமையாவின் பொட்டாசியம் கூடித்தான் இருந்தது. அமுதா மருத்துவருக்குப் போன் செய்து, ராமையாவுக்கான டயாலிசிஸ் கரைசலை மாற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“என்னா சாப்டீங்க?”

“ஒரே ஒரு டுரியான் சுளைதான் மிஸ்ஸி.”

“ஒன்னா?”

“சின்னப் பழந்தான்,” என்றார் ராமையா, படுக்கையில் ஏறிக்கொண்டே. அன்று பிள்ளைகளை ஏற்றத் தம் மகனை அனுப்பிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்க நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அமுதா தேநீர் கொண்டுவந்து வைத்தார். “யாருகிட்டண்ணே கேட்டுச் செஞ்சீங்க?” என்றார். தவமணி இல்லாமல் அந்தப் பெட்டி எழுந்ததை அவர் பார்த்ததில்லை.

“யாருகிட்டயும் கேக்கல மிஸ்ஸி,” என்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைகளின் பட்டியல் இருக்கிறது. தேதி, செய்தவர் பெயர், எத்தனை கேள்வி. கடைசி வரியில் என் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டு, முடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வியாழக்கிழமைத் தேதியைப் போட்டேன். என் பெயரை எழுதினேன். கேள்வி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அந்த வட்டத்தை எழுதி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. அவர் அத்தனை மாதம் வலியோடு காத்திருந்தது அந்த ஒரு வட்டத்துக்காக. அது வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார அவர் இல்லை.

தவா, அன்று நான் எழுந்து போனதற்கு என்னை மன்னியுங்கள். நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்பது அந்த ஓரக் குறிப்பிலேயே இருக்கிறது. இருந்தாலும் நான் கேட்க வேண்டும். மற்ற ஆறு மையங்களுக்கும் வெள்ளிக்கிழமைச் சோதனையைத் தொடர்கிறோம். இனி எதிரில் உட்கார்ந்து கோடு போடுவது என் வேலை. வாயைத் திறக்காமல் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஷிப்ட் முடிந்தது. எழுதி வைத்தது சரியாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் வீட்டுக்குப் போன் போட்டு யாரும் எழுப்ப மாட்டோம்.